பிளாங்டன் ஆய்வகம்: முதலில் எதை வாங்குவது?

கல்லூரியிலோ சொந்த முயற்சியிலோ கடல் பிளாங்டன் (தண்ணீரில் மிதந்து அலையும் சிற்றுயிர்கள்) ஆய்வகம் தொடங்க நினைக்கும் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டவை, நான் சொன்னவை.

நாகர்கோவில், விரிவுரையாளர்: சார், கிடைத்த நிதியில் முக்கால்வாசி மைக்ராஸ்கோப்புக்கே போய்விடும் போலிருக்கிறது. பரவாயில்லையா?

அவசரப்படாதீர்கள் டீச்சர். வலையை ஒழுங்காக வாங்காமல் மைக்ராஸ்கோப்பை வைத்து எதை எண்ணுவது? விலங்கு பிளாங்டனுக்கு 200 மைக்ரான் கண்ணி, தாவர பிளாங்டனுக்கு 20 மைக்ரான். வலை வாயில், உள்ளே நுழையும் தண்ணீரை அளக்கும் ஃப்ளோமீட்டர் கட்டாயம். வாயின் விட்டம் அரை மீட்டர் என்றால் பரப்பு 0.196 சதுர மீட்டர். 600 மீட்டர் இழுத்தால் ஏறத்தாழ 118 கன மீட்டர் தண்ணீர் வடிந்திருக்க வேண்டும். ஆனால் மணக்குடி பொழிமுகம் (ஆறு கடலில் சேருமிடம்) மாதிரி கலங்கிய இடத்தில் கண்ணி அடைத்துக்கொள்ளும், வாய்க்கு வந்த தண்ணீர் வெளியே விலகிப் போய்விடும். அதைக் காட்டிக்கொடுப்பது அந்த மீட்டர்தான்.

அப்புறம்தான் மைக்ராஸ்கோப். விலங்கு பிளாங்டனுக்கு ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும், வைத்து எண்ணுவதற்குப் பள்ளம் வெட்டிய போகோரோவ் தட்டும். தாவர பிளாங்டனுக்குச் சாதாரணக் கூட்டு மைக்ராஸ்கோப்பும், 1 மில்லி கொள்ளும் 1000 கட்டம் போட்ட செட்விக்-ராஃப்டர் எண்ணும் செல்லும் தொடக்கத்துக்குப் போதும். விலை கூடிய தலைகீழ் மைக்ராஸ்கோப் பிறகு வரட்டும்.

முட்டம், மீனவர்: அண்ணே, எங்க வள்ளத்துல வச்சு வலை இழுக்க முடியுமா?

தாராளமாக. ஒன்று, இரண்டு நாட் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். இழுத்து முடித்ததும் வலையை வெளிப்பக்கமிருந்தே கழுவுங்கள், ஒட்டியிருப்பதெல்லாம் அடியிலுள்ள குடுவையில் இறங்கும்.

குளச்சல், முதுகலை மாணவி: எல்லா மாதிரியையும் ஃபார்மலினிலேயே போட்டு வைக்கலாமா சார்?

வேண்டாம்மா. தாவர பிளாங்டனுக்கு லுகோல் அயோடின். தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாக விடு. விலங்கு பிளாங்டனுக்கு 4 சதவீத ஃபார்மலின் சரி, ஆனால் போராக்ஸ் சேர்த்து அமிலத்தன்மையை நீக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்பு ஓடுள்ளவை மெல்லக் கரைந்துபோகும். அந்த மேசைக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் வேலை செய்யாதே.

அதே மாணவி: குளோரோஃபில் அளக்க?

ஜிஎஃப்/எஃப் என்ற கண்ணாடி இழை வடிதாளில் தண்ணீரை வடித்து, அந்தத் தாளை, 90 சதவீத அசிட்டோனில் இருட்டான ஃபிரிட்ஜில் ஓர் இரவு வை. மறுநாள் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவி) 664, 647, 630 நானோமீட்டரில் பார். 750-இல் வருவதைக் கழித்துவிடு. சாற்றை ஊற்றி வைக்கக் கண்ணாடி குவெட்டையே (கருவியில் வைக்கும் சிறு குப்பி) எடு, மலிவு பிளாஸ்டிக் குவெட் அசிட்டோன் பட்டதும் மங்கிவிடும்.

தேங்காப்பட்டணம்: ஆய்வகத்திலேயே பாசி வளர்க்க என்ன வசதி வேண்டும்?

ஃபார்மலின் வாடை எட்டாத தனி அறை, 25 டிகிரி ஒட்டிய ஏசி, டைமர் வைத்த எல்இடி அடுக்குகள், நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ். பாசிக்கு ஊட்டமாகும் எஃப்/2 ஊடகத்துக்கான விட்டமின்களை ஆட்டோகிளேவ் செய்த பிறகு, நுண்வடிகட்டி வழியாகச் சேருங்கள். டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள பாசி) என்றால் சிலிக்கேட்டை மறக்கக் கூடாது. ஆற்று முகத்துவாரத்தில் மழைக்காலத்தில் உப்பு குறைந்துவிடும். அதனால் வளர்ப்புக்கு வெளிக்கடல் தண்ணீரைக் கோடையிலேயே எடுத்து இருட்டில் சேமியுங்கள். இரவில் கரண்ட் போனால் வளர்ப்பு மொத்தமும் போகலாம், அதனால் இன்வெர்ட்டர் இருந்தாலும் ஒவ்வொரு இனத்திலும் ஒரு குப்பியை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

கன்னியாகுமரி: லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறதே?

கடற்காற்று. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய அலமாரி. ஜெல் நிறம் மாறினால் ஓவனில் (சூடேற்றும் அடுப்பு) காயவைத்து மறுபடி போடுங்கள்.