எண் கோட்பாடு படிக்க விரும்பும் மகளும் 18 லட்ச ரூபாய்க் கடனும்

அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

தங்கள் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த நோட்டுப் பக்கத்தின் நகலும் கிடைத்தன. பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள், முழு எண்களின் இயல்புகளை ஆராயும் எண் கோட்பாட்டையும், அதன்மேல் நிற்கும், செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் கலையான கிரிப்டோகிராஃபியையும் படிக்க ஆசைப்படுகிறாள். பெங்களூருவில் ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமனோ, "கணக்கு படித்தால் பி.எட். முடித்து டீச்சராகத்தான் போக வேண்டும். அவள் கேட்கும் அதே கிரிப்டோகிராஃபியைச் சைபர் செக்யூரிட்டி பி.டெக்.கிலேயே சொல்லித் தருகிறார்கள்" என்று ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் இடத்துக்குப் பேசி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு நான்கரை லட்சம், நான்கு ஆண்டுக்கு 18 லட்சம், அதற்கு வீட்டை ஈடு வைத்துக் கடன், விடுதிச் செலவு தனி, முன்பணம் அடுத்த மாதம். தங்களுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் இரவில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பெற்றோருக்கும் வரக்கூடிய கவலைதான். ஆனால் ஆறுதல் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் தாங்கள் அடுத்த மாதம் முன்பணத்தைக் கட்டிவிடுவீர்கள். அதைக் கட்டக் கூடாது என்பதே என் கருத்து.

முதலில் அந்த நோட்டுப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கள் கடிதத்தைவிட அதுவே எனக்கு அதிகம் சொல்லியது. 5, 11 என்ற இரண்டு பகா எண்களைப் பெருக்கி 55 ஆக்கி, ஒவ்வோர் எண்ணையும் மும்மடியாக்கி 55-ஆல் வகுத்த மீதியை எழுதியிருக்கிறாள். 8-இன் மும்மடி 512, மீதி 17. அந்த 17-இன் 27-ஆம் மடியை 55-ஆல் வகுத்தால் மீதியாக மீண்டும் 8 வருகிறது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் ஆகிய மூவரும் உருவாக்கிய, எண்ணாக மாற்றிய செய்தியை இப்படி மறைத்து மீட்கும் ஆர்.எஸ்.ஏ. முறையின் சின்ன வடிவம் இது. யூடியூப் பார்க்கும் எந்தக் கெட்டிக்காரப் பிள்ளையும் இந்த அளவுக்குச் செய்துவிடும். ஆனால் பக்கத்தின் ஓரத்தில், "10 போட்டால் 10-ஆகவே வருகிறது, மறையவே இல்லை, இப்படி இன்னும் எத்தனை?" என்று கேட்டு, 0, 1, 10, 11, 21, 34, 44, 45, 54 என ஒன்பது எண்களையும் தேடிப் பிடித்து, கீழே 3 × 3 என்று எழுதி வட்டமிட்டிருக்கிறாள். மும்மடியாக்கியும் மாறாத மீதிகள் 5-ஆல் வகுக்கும்போது மூன்று, 11-ஆல் வகுக்கும்போது மூன்று, ஆகவே ஒன்பது என்ற காரணத்தை எட்டிப் பார்த்துவிட்டாள் என்பது அதன் பொருள். யாரும் கேட்கச் சொல்லாத கேள்வி அது. கணக்கில் சென்டம் வாங்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகளை மூன்று முறை போட்டால் சென்டம் வரும். இந்த வட்டம் அப்படி வருவதில்லை.

தாய்மாமன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சைபர் செக்யூரிட்டி பி.டெக்.கில் கிரிப்டோகிராஃபி ஒரு தாளாக வரும். அதில் எண் கோட்பாடு பெரும்பாலும் ஓர் அலகின் பகுதிதான்: யூக்ளிட் முறை, ஃபெர்மா தேற்றம், சீன மீதித் தேற்றம் ஆகியவற்றைச் சில வகுப்புகளில் ஓட்டிவிட்டு, நெட்வொர்க், ஃபயர்வால், ஊடுருவல் சோதனைக் கருவிகள் என்று பாடம் நகர்ந்துவிடும். அவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. அவற்றில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது நல்ல படிப்பே. தங்கள் மகள் கேட்பது பூட்டை எப்படிப் பொருத்துவது என்பதை அல்ல, அந்தப் பூட்டு ஏன் திறக்காது என்பதை.

இந்த வேறுபாடு வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றைத் தருகிறேன். குவாண்டம் கணினிகள் பெரிய அளவில் வந்துவிட்டால் ஆர்.எஸ்.ஏ. உடையும் என்பது 1994-இல் பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர் காட்டிய வழியிலிருந்தே தெரியும். ஆகவே மாற்று முறைகளை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் பல ஆண்டுகளாகச் சலித்துக்கொண்டிருந்தது. அதில் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை 2022-ஆம் ஆண்டு ஜூலையில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரூ என்ற இருவர் உடைத்தார்கள். அதன் அடிப்படைப் பாதுகாப்பு நிலையை உடைக்க, கணினிச் செயலியின் ஒரே ஒரு கோரும் (கணக்கிடும் அலகு) ஏறக்குறைய ஒரு மணி நேரமும் போதுமானதாக இருந்தன. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் புதிய மென்பொருள் அன்று. எலிப்டிக் கர்வ் எனப்படும் வளைவுகளைப் பற்றி எர்ன்ஸ்ட் கானி என்ற கணிதவியலாளர் 1997-இல் வெளியிட்ட ஒரு தேற்றம். கருவிகளை இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் சுற்றி நின்றிருந்தாலும் அந்த முறையின் ஓட்டை வெளிப்பட்டிருக்காது.

மருத்துவம், பொறியியல் கலந்தாய்வு ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் போதுமான பேர் இருக்கிறார்கள். யாரும் தங்களிடம் சொல்லாத இடம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில், சிறுசேரி சிப்காட் வளாகத்துக்குள், ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவே சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. பேராசிரியர் சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய நிறுவனம் அது. டிசம்பர் 22 வந்தால் பள்ளிதோறும் ராமானுஜன் படத்துக்கு மாலை போடும் நம் மாநிலத்தில், நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் தேடி வரும் இந்த நிறுவனத்தின் பெயரைக் கேள்விப்படாத பிளஸ் டூ வகுப்புகளே அதிகம்.

அங்கே கணிதமும் கணினி அறிவியலும் இணைந்த 3 ஆண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்பு உண்டு. இரண்டில் ஒன்று துணைப்பாடம் என்ற நிலை அங்கே இல்லை. ஒரு பக்கம் இயற்கணிதமும் பகுப்பாய்வும், மறுபக்கம் அல்காரிதங்களும் கணிப்பியல் கோட்பாடும் சேர்ந்தே நடக்கும். மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுப்பதையே ஹாஸ்கெல் என்ற மொழியில் தொடங்கும் வழக்கம் உள்ள இடம் அது. வேலைச் சந்தையில் அதிகம் கேட்கப்படாத மொழிதான், ஆனால் கணிதம்போல் சிந்திக்கப் பழக்கும். கிரிப்டோகிராஃபிக்கு வேண்டிய இரண்டு கால்களும் இங்கே ஒரே பட்டத்தில் ஊன்றப்படுகின்றன. ஒரு கணக்கு கடினமானது என்பதை நிறுவும் கலை கணினிக் கோட்பாட்டிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கு எங்கே கிடைக்கும் என்பதை எண் கோட்பாடு சொல்கிறது. வளாகத்திலேயே விடுதி இருப்பதால், பெண் பிள்ளையைச் சென்னையில் எங்கே தங்கவைப்பது என்ற அம்மாவின் கேள்விக்கும் விடை இருக்கிறது.

சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்ணோ ஜே.இ.இ. தரவரிசையோ உதவாது. நிறுவனமே ஆண்டுக்கு ஒரு முறை, வழக்கமாக மே மாதத்தில், மூன்று மணி நேர நுழைவுத் தேர்வு நடத்துகிறது. முதல் பகுதி சுருக்கமான விடைகளுக்கானது. அதில் தேறியவர்களின் இரண்டாம் பகுதியை மட்டுமே முழுமையாகத் திருத்துவார்கள், அங்கே நிரூபணம் எழுத வேண்டும். பாடம் பிளஸ் டூ அளவைத் தாண்டாது, ஆனால் கேட்கும் விதம் வேறு. எந்த முழு எண்ணை எடுத்தாலும் அதன் ஐந்தாம் மடியிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் விடை 30-ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டச் சொன்னால், சூத்திரம் தேடும் பிள்ளை விழிக்கும். 55-ஐ 5 என்றும் 11 என்றும் பிரித்துப் பார்த்த பிள்ளை 30-ஐ 2, 3, 5 என்று பிரித்துப் பார்க்கும். பழைய வினாத்தாள்கள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. அவற்றுக்கென்று கோச்சிங் சென்டரில் பணம் கட்ட வேண்டியதில்லை. நாளைக்கு ஒரு கணக்கு, அதுவும் விடையைப் பார்க்காமல், போதும்.

இதே தகுதி உள்ள பிள்ளைக்கு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையத்தில் உள்ள பி.மேத். என்ற இளநிலைக் கணிதப் படிப்பும் பொருந்தும், அதற்கும் தனி நுழைவுத் தேர்வு, அங்கே படிக்கும் மாணவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. அதே நிறுவனம் கொல்கத்தாவில் கிரிப்டாலஜிக்கென்றே (செய்தியை மறைப்பதும் அதை உடைப்பதும் சேர்ந்த துறை) ஒரு எம்.டெக். நடத்துகிறது. கணிதத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தாய்மாமனிடம் அவசியம் சொல்லுங்கள், ஏனென்றால் எம்.டெக். என்ற எழுத்துகளுக்கு உறவினர்களிடையே ஒரு மதிப்பு இருக்கிறது.

வேலை விஷயத்தில் தங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. மூன்றாண்டுப் பட்டத்தோடு கிரிப்டோகிராஃபர் என்ற பெயரில் வேலை கிடைக்காது. முதுநிலை கட்டாயம், ஆராய்ச்சிப் பக்கம் போனால் முனைவர் பட்டமும் வேண்டும். இடங்களும் குறைவுதான். தரமணியில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் செட்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு, டெல்லியில் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் அறிவியல் பகுப்பாய்வுக் குழு, சிப் வடிவமைக்கும் நிறுவனங்கள், பணப் பரிவர்த்தனை மென்பொருள் எழுதும் நிறுவனங்கள் ஆகியவை இந்தத் துறையினரைத் தேடும் இடங்கள். 2024 ஆகஸ்டில் நிஸ்ட் குவாண்டம் காலத்துக்கான முதல் மூன்று கிரிப்டோகிராஃபித் தரங்களை வெளியிட்டுவிட்டதால், வங்கிகளும் அரசுகளும் பழைய பூட்டுகளை மாற்றும் வேலையைத் தொடங்கியாக வேண்டும். அது ஓரிரு ஆண்டுகளில் முடிகிற வேலையும் அன்று. இவற்றில் எதுவும் அமையாமல் போனாலும், கணிதமும் அல்காரிதமும் தெரிந்த பட்டதாரியை மென்பொருள், நிதித் துறைகள் திருப்பி அனுப்புவதில்லை.

செலவைப் பற்றி நான் தயங்காமல் சொல்வது இது: கல்விக் கட்டணம் மட்டும் 18 லட்சம் ஆகும் இடத்துக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். தங்களிடம் இருப்பது ஒரே வீடு, இளையவன் எட்டாம் வகுப்பில் இருக்கிறான். சென்னை கணிதவியல் நிறுவனத்திலும் கட்டணம் உண்டு, ஆனால் தகுதி அடிப்படையில் முழுமையாகவோ பகுதியாகவோ கட்டணச் சலுகை தருகிறார்கள். விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிளஸ் டூ தேர்வில் மாநில வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்தினருக்குள் வந்தால், அடிப்படை அறிவியல் படிப்போருக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அது ஆண்டுக்கு 80,000 ரூபாய்.

நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காமலும் போகலாம். இடங்கள் மிகக் குறைவு. அப்போதும் விடை மேனேஜ்மென்ட் இடம் அன்று. தங்கள் மாவட்டத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேருங்கள். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயோடு முடியும், அவள் வீட்டிலிருந்தே போய் வரலாம். மூன்று ஆண்டுகளில் நிரலெழுதவும் நிரூபணம் எழுதவும் தன் முயற்சியில் பழகிக்கொண்டு, ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வையும் சிறுசேரியின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். சுற்று வழிதான், ஆனால் கடன் இல்லாத வழி.

ஒன்றில் மட்டும் தாங்களும் அம்மாவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிரூபணக் கணக்கோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து, விடை வராமலேயே எழுந்திருக்கும் நாள்கள் இந்தப் படிப்பில் நிறைய வரும். அது அவளுக்குப் பிடிக்கிறதா என்று இந்த மூன்று மாதத்தில் பழைய வினாத்தாள்களை வைத்து அவளே பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். நான் எழுதியதையும் காரணம் காட்டாதீர்கள்.

தாய்மாமனிடம் முன்பணத்துக்கு மே மாத இறுதிவரை பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குள் இடம் போய்விடும் என்று கல்லூரித் தரப்பில் அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள். சிறுசேரி விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்பதை அவள் வாரம் ஒரு முறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளட்டும். கடைசித் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.