பொருளாதாரக் குற்றங்களை விசாரிக்கப் போலீசுக்குப் பயிற்சி தர அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டுமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் எங்கோ பணத்தைப் போட்டுவிட்டு, "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப்பட்டவர் போலத் தெரிகிறது. ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் பயிற்சி யாருக்குப் போகிறது என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக, அதாவது வழக்குப் பதிவுகளை எழுதுபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிச் சில வருடங்கள் மோசடி வழக்குகள் பார்க்கும் பிரிவில். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அடிதடி, திருட்டு என்றால் தூக்கத்தில்கூட எஃப்.ஐ.ஆர். எழுதுவேன். அங்கே ஒரு மோசடி வழக்கில் மூட்டை மூட்டையாக ரசீதும் ஒரு கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தன. உள்ளே இருந்தது டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருளில் போட்ட கணக்கு. (தடயவியலுக்கு அனுப்பி நகல் வாங்கிய பிறகுதான் பார்த்தோம், யாரும் சண்டைக்கு வராதீர்கள்.) இன்ஸ்பெக்டர், எஸ்.ஐ., நான், மூன்று பேருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பி.காம். படித்த ஒரு பெண் கான்ஸ்டபிள்தான் உட்கார்ந்து பேங்க் லெட்ஜரை எடுத்தார். "சார், வட்டி வட்டின்னு போயிருக்கு, வியாபாரத்துல வந்த காசுன்னு ஒரு வரிகூட இல்ல. புது ஆள் டெபாசிட் போட்ட அன்னைக்கெல்லாம் பழைய ஆளுக்கு வட்டி போயிருக்கு பாருங்க." தேதிவாரியாக அவர் எடுத்துக் கொடுத்த அந்தப் பட்டியலை வைத்துத்தான் குற்றப்பத்திரிகையே நின்றது.

கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல். வேறொரு ஸ்டேஷனில் ரிசப்ஷன் டூட்டி. அப்புறம் எங்கள் பிரிவுக்குப் பயிற்சி வகுப்பு வந்தபோது, அன்றைக்குக் கையில் வேலை இல்லாதவர் எவரோ அவரை அனுப்பினோம். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. சைபர் குற்ற விசாரணை கற்றுத்தரும் மத்திய அரசின் சைட்ரெயின் தளத்தில் இணையவழிப் பாடங்கள் இருக்கின்றன, ஆர்வமாகப் படித்த பையன்களையும் பார்த்திருக்கிறேன்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1997-லேயே தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சொத்தை முடக்கி, டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) பொறுப்பில் விட்டு, தனிக் கோர்ட் மூலம் விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். அதற்கு முதலில் சொத்து எவர் பெயரில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தோண்டத் தெரிய வேண்டுமே! ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் மோசடி வழக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் போலீசே சொன்னது. அத்தனை வரவு செலவையும் லத்தியை வைத்தா படிப்பது? படித்துக் கண்டுபிடிக்கிற ஆளை ஐந்து வருடமாவது அசைக்காமல் வைத்திருக்கப் பணம் கொடுங்கள், நான் கை தட்டுகிறேன்.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் பழைய வழக்குகளில் சாட்சி சொல்லச் சம்மன் வருகிறது, முட்டிவலியோடு பஸ் ஏறிப் போகிறேன், போனால் வக்கீல் வாய்தா வாங்கிவிடுகிறார். அந்தப் பயணப்படி பில் எந்த மேஜையில் கிடக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.