ஆறு வாரத்தில் எடுத்த எம்ஆர்ஐயை வைத்து ஆபரேஷன் முடிவு செய்யலாமா?

கேள்வி: எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். அம்மாவுக்கு 61 வயது. மூலம் என்று நினைத்து ஆறேழு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டார். கடைசியில் கோவையில் ஆசனவாய்ப் புற்றுநோய் என்றார்கள். கீமோவோடு 28 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது எடுத்த எம்ஆர்ஐயில், 4 செ.மீ. இருந்த கட்டி ஒன்றரை செ.மீ. ஆகிவிட்டது, ஆனால் மிச்சம் இருக்கிறது என்று ரிப்போர்ட். டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். காங்கேயத்துப் பெரியப்பா, "எனக்குக் கரண்ட் வெச்சு ரெண்டே மாசத்துல ஆபரேஷன் பண்ணீட்டாங்க, நீங்க விட்றாதீங்க" என்கிறார். சதை எடுத்து டெஸ்ட் செய்தால் தெரிந்துவிடாதுங்களா டாக்டர்?

பதில்: பெரியப்பா சொல்வது பொய்யில்லை. அவருக்கு வந்தது அநேகமாக மலக்குடல் புற்றுநோயாக இருக்கும். ஆசனவாயிலிருந்து சில விரற்கடை மேலே போனால் மலக்குடல்தான். ஆனால் நோயின் வகை வேறு. மலக்குடலில் பெரும்பாலும் கரண்ட் என்பது ஆபரேஷனுக்கு முன்னேற்பாடு. ஆசனவாயில் வருவது பெரும்பாலும் தோலைப் போன்ற செல்களில் தொடங்குவது. கரண்டும் கீமோவும் சேர்ந்ததுதான் அதற்கு முழு வைத்தியம். முன்பெல்லாம் இதற்கும் ஆசனவாயையே எடுத்து, மலம் போக வயிற்றில் நிரந்தரமாகப் பை வைத்துவிடுவார்கள். 1974-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நைக்ரோ என்ற மருத்துவர் ஆபரேஷனுக்கு முன்பு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். பிறகு அறுத்து எடுத்ததைச் சோதித்தால் அதில் கட்டியே இல்லை. வழி மாறியது அங்கிருந்துதான்.

சரி, அப்படியானால் மிச்சம் ஏன் தெரிகிறது? காட்டில் வேலமரத்துப் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் அன்றைக்கே காய்ந்துவிடுகிறதா? இலை பல நாள் பச்சையாகவே நிற்கும். கரண்ட் பட்ட செல்லும் அப்படித்தான். உள்ளே பழுதானது, அடுத்து பெருகப் பார்க்கும்போதுதான் சாகிறது. அதனால் கரண்ட் நின்ற பிறகும் கட்டி மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும்.

இதைக் கணக்கெடுத்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் நடந்த 'ஆக்ட் 2' ஆய்வில், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 11, 18, 26-ஆம் வாரங்களில் நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். 11-ஆம் வாரத்தில் கட்டி முழுதாகக் கரையாதவர்கள் 209 பேர். அவர்களில் 151 பேருக்கு 26-ஆம் வாரத்தில் கட்டி இல்லை. உங்கள் அம்மா இப்போது ஏறக்குறைய அந்த 11-ஆம் வாரத்தில்தான் இருக்கிறார். அன்றே கத்தியை எடுத்திருந்தால் அந்த 151 பேரும் வீணாகப் பையோடு வாழ்ந்திருப்பார்கள்.

எம்ஆர்ஐ நல்ல கருவி. கட்டி எந்தத் தசை வரை போயிருந்தது, தொடை இடுக்கில் நெறிக்கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். வழக்கமான படத்தில் கட்டி சாம்பல் நிறமாகவும் ஆறிய தழும்பு கறுப்பாகவும் தெரியும். ஆனால் ஆறு வாரத்துப் படத்தில், கரண்ட் பட்ட இடம் இன்னும் வீங்கியிருக்கும். அந்த நீர் வெள்ளையாகத் தெரிந்து குழப்பும். செல்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தை மினுங்கிக் காட்டும் 'டிஃப்யூஷன்' படமும் இந்தச் சமயத்தில் ஏமாற்றக்கூடும். அதனால் ஒற்றை ரிப்போர்ட்டில் உள்ள 'மிச்சம்' என்ற சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 4 செ.மீ. ஒன்றரை ஆனது எனக்கு நல்ல செய்தியாகவே படுகிறது. அடுத்த படத்தில் அது இன்னும் சுருங்கிக் கறுக்கிறதா என்பதுதான் கேள்வி.

சதை எடுப்பது பற்றி. கரண்ட் பட்ட இடத்தில் குத்தினால் புண் எளிதில் ஆறாது. சாகப்போகிற செல்லும் மைக்ராஸ்கோப்பில் உயிருள்ளதாகத் தெரியலாம். சந்தேகம் வலுத்தால் மட்டும்தான் அது.

பொறுப்பது என்றால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். அம்மா கூச்சப்படுவார், நீங்கள் கூடப் போங்கள். இந்த நோயில் அனுபவப்பட்ட விரல் ஸ்கேனுக்குச் சளைத்ததில்லை. கட்டி திரும்ப வளர்ந்தாலோ, புதிதாகக் கெட்டியான புண் வந்தாலோ, தொடை இடுக்கில் கட்டி தட்டுப்பட்டாலோ 26 வாரம் வரை காத்திருக்கவே கூடாது. அப்போது சதை டெஸ்ட், தேவையானால் ஆபரேஷன். அந்த வழி மூடிப்போய்விடவில்லை.

அடுத்த எம்ஆர்ஐயை முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ படம் உள்ள டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள். பலர் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுவந்து நிற்கிறார்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கப் படம் இருக்காது. அரை மணி நேரத்துக்கு மேல் டக்டக்கென்று சத்தம் கேட்கும், காதில் அடைக்கப் பஞ்சு தருவார்கள் என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். தாலிக்கொடி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். அப்புறம், தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, ஜாக்கெட்டில் குத்தியதையும் சேர்த்து ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.