கொடுத்து வைத்தவர்கள் யார்?

கேள்வி: இந்தோனேசியா கட்டும் புதிய தலைநகருக்குப் பக்கத்தில், ஜாவாவிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள் இருக்கிறார்களாம். நிலத்தின் விலை எகிறி, சும்மா இருந்தவர்கள் எல்லாம் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டதாக யூடியூபில் சொன்னார்கள். கொடுத்து வைத்தவர்கள்தானே?
– வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: முதலில் அந்த "சும்மா"வை வாபஸ் வாங்குங்கள்.

நீங்கள் சொல்வது போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியில், கிழக்குக் கலிமந்தான் மாகாணத்தில் உள்ள செபாக்கு வட்டாரம். 1970களில் அதிபர் சுகார்த்தோவின் அரசு, ஜாவாவில் நெரிசல் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களைக் கப்பலேற்றியது. அந்த நாட்டை ஆண்ட டச்சுக்காரர்கள் 1905இல் சுமத்ராவின் லாம்புங்கில் தொடங்கிவைத்த வேலைதான். ஒரு மர வீடு, சுமார் இரண்டு ஹெக்டேர் நிலம், முதல் அறுவடை வரைக்கும் கொஞ்சம் அரிசி பருப்பு. அவ்வளவுதான் சீர்வரிசை! ஜாவாவில் எரிமலை மண். குச்சியை நட்டாலும் துளிர்க்கும். இங்கேயோ சத்தில்லாத, அமிலம் மிகுந்த செம்மண், வானம் பார்த்த பூமி. நெல் சரிப்படாமல் பலர் மிளகு, ரப்பர், செம்பனை (பாமாயில் தரும் பனை) என்று மாறினார்கள். தாங்காதவர்கள் கிளம்பிப் போனார்கள். நின்றவர்களின் பிள்ளைகளுக்கு இன்று அதுதான் சொந்த ஊர்.

2019 ஆகஸ்டில் அன்றைய அதிபர் ஜோகோ விடோடோ புதிய தலைநகரை அறிவித்தார். நிலத்தின் விலை ஏறியது உண்மை. ஆனால் ஏறிய விலை விற்பவனுக்குத்தானே? புரோக்கர்களைத் தடுக்கிறோம் என்று 2022இல் நிலம் கைமாறுவதற்கே அரசு கட்டுப்பாடு போட்டது. விற்றாலும், அந்தக் காசுக்கு அக்கம்பக்கத்தில் அதே அளவு தோட்டம் கிடைக்குமா? கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அறை வாடகைக்கு விட்டும், சாப்பாட்டுக் கடை போட்டும் சிலர் நன்றாகச் சம்பாதித்தார்கள், மறுக்கவில்லை. 2024 அக்டோபரில் பிரபோவோ அதிபர் பதவிக்கு வந்தபின் அரசின் பண ஒதுக்கீடு சுருங்கியது. அந்த அறைகளின் கதையை உங்கள் யூடியூபர் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் சொல்லாத இன்னொரு கூட்டமும் உண்டு. செபாக்குவில் ஜாவாக்காரர்களுக்கு முன்பே இருந்தவர்கள் பாலிக் பழங்குடிகள். அன்று அவர்களது காட்டை மரக் கம்பெனிகளுக்கும் குடியேற்றத்துக்கும் பிரித்துக் கொடுத்தபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. குடியேறியவர்களிடமாவது அரசு தந்த பட்டா இருக்கிறது. பாலிக் மக்களில் பலரிடம் பாட்டன் புதைந்த இடம்தான் அத்தாட்சி. அலுவலகத்தில் அது செல்லாது. 2024 மார்ச்சில் பெமலுவான் கிராமத்தில் சுமார் 200 பேருக்குத் தலைநகர நிர்வாகம் ஓர் ஓலை அனுப்பியது: உங்கள் வீடு நகரத் திட்டத்துக்குப் பொருந்தவில்லை, ஏழு நாளில் இடியுங்கள். கூச்சல் கிளம்பியதும் பின்வாங்கினார்கள்.

அதற்குச் சில மாதங்கள் முன்னால், 2023இல், இதே தலைநகருக்கான சட்டத்தைத் திருத்தி, முதலீட்டாளர்களுக்கு இரண்டு தவணையாக 190 ஆண்டுகள் வரை நிலம் தரலாம் என்று எழுதியிருந்தார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் 2025 நவம்பரில்தான் அதை வெட்டியது. கொடுத்து வைத்தவர்களைத் தேடுகிறீர்கள் என்றால், அந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.