பழைய பெட்ரோல் பங்க் மனையில் போர் போடலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் பகுதியில் ரொம்ப வருடம் ஓடி மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்க் இடத்தை மனைகளாகப் பிரித்து விற்கிறார்கள். டேங்கைத் தோண்டி எடுத்து மண் நிரப்பிவிட்டோம் என்கிறார் விற்பவர். பக்கத்து வீட்டு 300 அடி போர் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்த்தோம், எல்லாம் நார்மல் என்று வந்தது. நம்பி வாங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: அந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். வழக்கமான குடிநீர் டெஸ்டில் டிடிஎஸ், கடினத்தன்மை, நைட்ரேட், கிருமி இதெல்லாம்தான் வரும். பெட்ரோலில் இருக்கும் ரசாயனங்களான பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பார்ப்பார்கள், அதற்கான கருவியும் எல்லா லேபிலும் கிடையாது.

அதைவிட முக்கியம் அந்த 300 அடி. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. மண்ணில் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேலேயே பரவி நிற்கும், அதிலிருந்து பென்சீன் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். சேலம் மாதிரிப் பாறை நிலத்தில் போர் போடும்போது மேல் மண்ணுக்கு கேசிங் பைப் இறக்கி அடைத்துவிடுகிறார்கள், தண்ணீர் வருவது கீழே இருக்கும் பாறை வெடிப்பிலிருந்து. அதாவது பெட்ரோல் எங்கே நிற்குமோ அந்த அடுக்கை உங்கள் சாம்பிள் தொடவே இல்லை. சில வருடம் மோட்டார் ஓடி மேல்நீரைக் கீழே இழுத்த பிறகு அதே போரில் பென்சீன் வரலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் காகிதம். பங்க் நடத்த வெடிபொருள் துறை லைசென்ஸ் வேண்டும், அதனுடன் ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கும். டேங்க் எத்தனை, எந்த மூலையில், பைப் எந்த வழியாகப் பம்புக்குப் போனது என்பதெல்லாம் அதில் தெரியும். விற்பவர் ஒரு டேங்க் எடுத்தேன் என்று சொல்லி வரைபடத்தில் மூன்று இருந்தால், மீதி இரண்டும் இன்னும் மண்ணுக்குள் இருக்கலாம். டேங்கை எடுத்தபோது குழியின் அடிமண்ணை எடுத்து லேபுக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். மண்ணை நிரப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது, எனக்குத் தெரிந்து நம் பக்கம் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

அப்புறம் மண் எடுத்துப் பார்க்கத் துளை. டேங்க் குழி, லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வாய், பைப் இணைப்புகள், பம்பு நின்ற மேடை, இந்த இடங்களில் போட வேண்டும். டேங்க் ஓட்டையில்லாமல் இருந்தும் பைப் இணைப்பு சொட்டிக்கொண்டே இருந்த இடங்கள் நிறைய உண்டு. எடுத்த மண்ணைப் பையில் கட்டி வைத்து அதன் ஆவியைக் கைக்கருவியால் அளந்து, எந்த ஆழம் மோசம் என்று பார்த்து அந்த மண்ணை லேபுக்கு அனுப்புவார்கள்.

தண்ணீருக்கு, ஒரே கோட்டில் இல்லாமல் குறைந்தது மூன்று சிறிய கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, யார் வீட்டுக் கிணறு அந்த வழியில் இருக்கிறது என்று தெரியும். அந்தக் கிணற்றில் இறக்கும் பைப்பில் துளையுள்ள பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கும் பெட்ரோல் உள்ளே வராமல் கிணறு சுத்தம் என்று பொய் சொல்லும். மழை முடிந்து ஒருமுறை, கோடையில் ஒருமுறை எடுங்கள். மட்டம் ஏறும்போது பெட்ரோல் மண் இடுக்கில் தண்ணீருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், மே மாதம் மட்டம் இறங்கியதும் வெளியே வரும். சாம்பிளை மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து பஸ்ஸில் கொண்டுபோனால் பென்சீன் வழியிலேயே ஆவியாகிவிடலாம். லேப் தரும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி ஐஸில் வைக்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்றால், உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். இப்போதைய பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். கணக்குப் போட்டால், 1 லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் முழுவதும் கரைந்தால் 8 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்த அளவை எட்டும். பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும், அதில் சந்தேகமே இல்லை.

கேள்வி: பங்க் மூடிப் பத்து வருடம் ஆச்சே, இத்தனை நாளில் ஆவியாகிப் போயிருக்காதா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஓரளவு போயிருக்கும். மண்ணில் இருக்கும் பாக்டீரியா பென்சீனைத் தின்னும், ஆனால் அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும், பெட்ரோல் தேங்கிய இடத்தில் அதுதான் சீக்கிரம் தீர்ந்துபோகும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் பாக்டீரியா முதலில் எத்தனாலைத்தான் தின்னும், பென்சீன் காத்திருக்கும். 2000க்கு முன்னால் ஓடிய பங்க் என்றால் ஈயத்தையும், ஈயப் பெட்ரோலில் சேர்த்த எத்திலீன் டைபுரோமைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், டைபுரோமைடு ரொம்பக் கொஞ்சம் இருந்தாலே ஆபத்து.

கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா நகரம் 1996ல் தன் குடிநீர்க் கிணறுகளில் பலவற்றை மூடியது. பெட்ரோலில் சேர்த்த எம்டிபிஇ என்ற வேதிப்பொருள், கசிந்த பங்க் டேங்குகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கிணறு வரை வந்துவிட்டது. நகரத்தின் குடிநீரில் ஏறக்குறைய பாதி போயிற்று, அப்படி மூடிய சார்னாக் பகுதிக் கிணறுகள் திரும்ப ஓட சுமார் 15 வருடம் ஆனது. எம்டிபிஇ மண்ணில் ஒட்டாது, எளிதில் மட்காது. அதனால் வருடக் கணக்கை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

கேள்வி: கிணற்றில் பெட்ரோல் வாடை வருகிறது. காய்ச்சிக் குடிக்கலாமா? ஆர்.ஓ. போதுமா? (வாசகர், வட சென்னை)

பதில்: காய்ச்சாதீர்கள், பென்சீன் சமையலறைக் காற்றில் கலந்துவிடும். வெந்நீர்க் குளியலும் அதே கதைதான். ஆர்.ஓ. சவ்வை மட்டும் நம்ப முடியாது. கரி வடிகட்டி பென்சீனைப் பிடிக்கும், ஆனால் நிரம்பிவிட்டால் அப்படியே விட்டுவிடும், வீட்டில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் தீக்குச்சி உரசவோ மோட்டார் போடவோ வேண்டாம், உள்ளே யாரையும் இறக்காதீர்கள். 2013ல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தபோது, பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய்க் கசிவு வெளியே வந்தது, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் இன்றே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.