கழலை மட்டுமா, சுரப்பியோடு சேர்த்தா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 42. இடப்பக்கத் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, நான்கு வருடமாக இருக்கிறது. வலி இல்லை. ஊசி டெஸ்டில் 'ப்ளியோமார்ஃபிக் அடினோமா, புற்று இல்லை' என்று வந்தது. டாக்டரோ அங்குள்ள உமிழ்நீர்ச் சுரப்பியையே எடுக்க வேண்டும் என்கிறார். கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா? வாய் கோணிவிடும் என்கிறார்களே?
- வாசகி, பாலக்கோடு

பதில்: டாக்டர் சொல்வதுதான் சரி. இந்தக் கட்டியின் உறை மெல்லியது. சில இடங்களில் கட்டி அதையும் தாண்டி நீண்டிருக்கும். நோண்டி எடுத்தால் துணுக்குகள் உள்ளே தங்கிவிடும். உறை கிழிந்து சிந்தினால் பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூடச் சிறு முடிச்சுகளாக அங்கங்கே முளைக்கும். தழும்புக்குள் அவற்றைத் தேடி எடுப்பது முதல் ஆபரேஷனைவிடப் பல மடங்கு கடினம். அப்படியே விட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது. வருடம் ஏற ஏறச் சிலருக்கு அது புற்றாக மாறுகிறது. தாடைக்குக் கீழ் உள்ள சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுதான் என்பதால், ஊசி டெஸ்டை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. எடுத்த சுரப்பியை முழுதாக பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். நெறி கட்டியிருக்கிறது என்று பச்சிலைப் பத்துப் போடுவது, கீறிவிடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். தாடை எலும்பின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே, கழுத்து மடிப்பிலேயே கீறுவார்கள். கீழுதட்டை அசைக்கும் நரம்புக் கிளை அந்த விளிம்பை ஒட்டி ஓடுகிறது, அதனால்தான் அவ்வளவு கீழே. முகச் சிரையைக் கீழே கட்டி, வெட்டி, மேல்நோக்கித் தூக்கினால் நரம்பும் அதோடு பத்திரமாக விலகும். அடுத்தது நாக்கின் உணர்வு நரம்பு. சுரப்பியை இழுக்கும்போது அதுவும் வளைந்து இறங்கி வரும். கவனிக்காமல் உமிழ்நீர்க் குழாயோடு சேர்த்து வெட்டிவிட்டால் நாக்கின் அந்தப் பாதி மரத்துப்போகும். நரம்பைக் கண்ணால் பார்த்து விடுவித்த பிறகே குழாயைக் கட்ட வேண்டும்.

முழு முகமும் கோணாது. சிரிக்கும்போது கீழுதட்டின் ஒரு பக்கம் மட்டும் சரியாக இறங்காமல் இருக்கலாம். நரம்பு இழுபட்டு வந்ததென்றால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும். வாயும் வறளாது, ஆறு பெரிய சுரப்பிகளில் ஐந்து மிச்சம் இருக்கின்றனவே. ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் நாள் கழுத்து திடீரென வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். அது உள்ளே ரத்தம் கட்டுவது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: எனக்குக் கட்டி காது மடலுக்குக் கீழே. இதே ஆபரேஷன்தானா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இல்லை. அங்கே முக நரம்பு சுரப்பியின் ஊடாகவே போகிறது. அதனால் நரம்பைக் காப்பாற்றி, கட்டியைச் சுற்றி நல்ல சதை கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். காது மடல் சில மாதம் மரத்திருக்கும். பின்னாளில் சாப்பிடும்போது அந்தக் கன்னம் மட்டும் வியர்த்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். போடாக்ஸ் ஊசியில் அடங்கும்.