வடலூரில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவதன் பொருள் என்ன?

வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1872-இல் இச்சபையை நிறுவிய வள்ளலார் இராமலிங்க அடிகள், இறைவனை உருவமாக அல்லாமல் அருட்பெருஞ்ஜோதியாகவே கண்டவர். அந்த ஒளி ஒவ்வொரு உயிருக்குள்ளும் இருந்தும், அதை மறைத்து நிற்கும் திரைகளால் நமக்குப் புலப்படுவதில்லை என்பது அவருடைய கொள்கை. அந்த அக அனுபவத்தின் புற வடிவமே ஞான சபை. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்னும் ஏழு நிறத் திரைகளும் முறையே மாயை, கிரியை, பரை, இச்சை, ஞானம், ஆதி, சித் ஆகிய சக்திகளைக் குறிக்கின்றன. முதல் திரை மாயை என்பதையும், ஞானமே ஒரு திரையாக வைக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். இந்த அமைப்பின் ஆழம் அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன், ஏனெனில் அறிந்துவிட்டோம் என்னும் நிலையையும் கடந்தே ஒளியை அடைய வேண்டியிருக்கிறது.

இத்திரைகளை விலக்குவது எது என்பதற்கு அவர் தந்த விடை சீவகாருண்யம், அதாவது எல்லா உயிர்களிடத்தும் காட்டும் இரக்கம். சபைக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1867-இல், பசித்தவர்க்கு உணவளிக்கும் தருமச்சாலையை அவர் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.